வரிசையில் கிடந்த செருப்பு

இல்லை, கோவுக்குக் கோட்டு தைக்காததுல டெய்லர் மேல தப்பே கிடையாது. அவர் அளவு நாடாவைக் கழுத்துல போட்டுக்கிட்டுத் தயாராத்தான் நின்னார். நிக்காதது கோதான்.

அந்தக் காலத்துல இங்கிலீஷ் சொல்லுங்களுக்கெல்லாம் கை கால் இருந்தது, வாயும் இருந்தது. எல்லாம் ஒரே ஊர்ல குடியிருந்துச்சுங்க. அதுல கோவுக்கு வேலை, போறது. யாராவது கூப்பிட்டா எங்கேன்னுகூடக் கேக்க மாட்டான். மருத்துவச்சியைக் கூட்டிட்டு வரணுமா, கோ. ஆத்துக்கு அந்தப் பக்கம் சேதி சொல்லணுமா, கோ. சோத்துல கை வச்சிருந்தாலும் உதறிட்டுக் கிளம்பிடுவான். கொஞ்ச நேரம் உக்காந்தா முழங்கால் அரிக்கும்.

ஒரு நாள் ஊர்ல தண்டோரா போட்டாங்க. வேலை செய்யற சொல்லு ஒவ்வொண்ணும், நடந்து முடிஞ்சதைச் சொல்றப்போ மாட்டிக்க, நேத்துக் கோட்டுன்னு ஒண்ணு தச்சுக்கணுமாம். வெள்ளிக்கிழமை பொழுது சாயறப்போ கோட்டு இல்லாதவன் அதுவரைக்கும் செஞ்சது எதுவும் செல்லாதாம். குணத்தைச் சொல்ற சொல்லுங்க ரெண்டு வால் தச்சுக்கணும். ஒருத்தரை விட ஒசத்தின்னு காட்ட ஒண்ணு, எல்லாரையும் விட ஒசத்தின்னு காட்ட இன்னொண்ணு. வால் இல்லாதவன் ஒப்பிடற இடத்துல வாயே திறக்கக் கூடாது.

கோ பின்னாலயே ஓடினான். தண்டோராக்காரனையே நிறுத்திக் கேட்டான். "அப்போ நான் இதுவரைக்கும் போனதெல்லாம்?"

"போகாததா ஆயிடும்," அப்படின்னுட்டு அவன் அடுத்த தெருவுக்குப் போயிட்டான்.

வெள்ளிக்கிழமை விடிஞ்சதும் டெய்லர் கடை வாசல்ல வரிசை. வாக், டாக், ஜம்ப் எல்லாம் எட் வச்ச கோட்டை மாட்டிக்கிட்டுப் போனாங்க. பிக்கும் ஸ்மாலும் எர் ஒண்ணு, எஸ்ட் ஒண்ணுன்னு ஆளுக்கு ரெண்டு வாலை வாங்கிக்கிட்டு, பின்பக்கத்தைத் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டுப் போனாங்க. ப்யூட்டிஃபுல் மாதிரி நீள உடம்புக்காரங்களுக்கு வாலைத் தூக்கத் தெம்பு இல்லை. மோர், மோஸ்ட்னு ரெண்டு கூலியாளுங்களைப் பிடிச்சு முன்னால நடக்க விட்டாங்க.

கோ ஏழாவது ஆளா நின்னான். அவனுக்குப் பின்னால குட் நின்னார். குட் அண்ணனை உங்களுக்குத் தெரியும், பேருக்கேத்த நல்லவர், யாரையும் பாதியில விட மாட்டார்.

"கோ! மாடு அறுத்துக்கிட்டு ஓடுது!"ன்னு ஒரு குரல்.

கோ ஒத்தைச் செருப்பைக் கழட்டி வரிசையில போட்டான். "அண்ணே, இடத்தைப் பாத்துக்கங்க. இதோ வந்துட்டேன்."

வந்தான். வந்து மூச்சு வாங்கறதுக்குள்ள இன்னொரு குரல். மறுபடியும் செருப்பு, மறுபடியும் இதோ. வரிசை நகர நகர, குட் அந்தச் செருப்பைக் காலால நகத்திக்கிட்டே வந்தார்.

செருப்போட முறை வந்துச்சு. டெய்லர் கீழே பாத்தார். "இதுக்கு அளவு எடுக்கவா?"

"இப்ப வந்துடுவான் ஐயா."

"அப்போ நீங்க வாங்க."

"பாத்துக்கறேன்னு சொல்லிட்டேனே. அவனைத் தாண்டி நான் எப்படி வர்றது?"

பின்னால கூச்சல். "யோவ், செருப்புக்குக் காவலா? வழி விடுய்யா!" குட் ஒதுங்கி நின்னார், செருப்பையும் ஒதுக்கிக்கிட்டார். வந்தவங்கள்லாம் சுத்திக்கிட்டு உள்ளே போனாங்க. சாயங்காலம் வரைக்கும் போனாங்க.

கோ வந்தப்போ டெய்லர் பலகையைச் சாத்திக்கிட்டிருந்தார். வாசல்ல குட் மட்டும், வால் இல்லாம.

"அண்ணே, உங்க வால் எங்கே?"

"துணி தீந்துடுச்சாம்ப்பா. உன் செருப்பு பத்திரமா இருக்கு, பாரு."

கோவால அங்கே நிக்க முடியலை. எப்பவும் நிக்க முடியாதுதான், ஆனா இது வேற மாதிரி. அன்னைக்குத்தான் முதல் தடவையா யாரும் கூப்பிடாமலே கிளம்பினான். செருப்பைக்கூட எடுக்கலை. ஆத்துக்கு அந்தப் பக்கம் சேதி சொல்லப் போறப்போ ரெண்டு அண்ணன் தம்பியைப் பாத்திருக்கான். பெட்டர், பெஸ்ட். அவங்களுக்கு மூத்த அண்ணன் செத்துப்போயி, பேர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாம கிடந்தாங்க. அவங்களை இழுத்துக்கிட்டு ஓடி வந்தான். வழியில வெண்டுன்னு ஒரு பழைய சொல்லு, வயசான பெரியவர், அவரும் சேந்துக்கிட்டார். அவருக்கும் நடக்கறதுதான் பொழைப்பு, ஆனா வளைஞ்சு வளைஞ்சு மெதுவா நடப்பார். அன்னைக்கு மட்டும் எப்படியோ கூடவே வந்து சேந்துட்டார்.

"அண்ணே, வாலுக்குப் பதிலா இவங்களை வச்சுக்கங்க," அப்படின்னான் கோ.

குட் தயங்கினார். "என் ஜாடையே இல்லையேப்பா."

"கூப்பிட்டா வருவோம்ணே. ஜாடையை யார் கேக்கப் போறா?" அப்படின்னார் பெட்டர்.

ஓரமா நின்னுக்கிட்டிருந்த கூலியாள் மோர் நெருங்கி வந்து கேட்டான். "பெட்டருக்கு முன்னால நான் நடக்கவா?"

"வேணாம்ப்பா. எனக்கே கால் இருக்கு," அப்படின்னார் பெட்டர்.

அப்போதான் வெண்டுப் பெரியவர் கோவைப் பாத்தார். சூரியன் பாதி முங்கிடுச்சு. "எல்லாம் சரி. உன் கோட்டு எங்கே?"

"நேரம் போச்சு பெரியவரே. நான் போனதெல்லாம் போகாததாவே இருக்கட்டும்."

"அப்படின்னா இவங்களைக் கூட்டிட்டு வந்ததும்தான் செல்லாது. விடிஞ்சா இவங்க அக்கரையில, குட் இங்கே மொட்டையா நிப்பார்."

பெரியவர் தன் கோட்டைக் கழட்டினார். அதுல 'வென்ட்'டுன்னு அவரோட நேத்துப் பேர் தச்சிருந்துச்சு. "போட்டுக்கோ. ஊர்ல என்னைக் கூப்பிடறவங்க ரெண்டு பேர். அவங்களுக்கும் அவசரம் இல்லை."

கோட்டு இருக்கான்னு சோதிக்க வந்த குமாஸ்தா கோவோட தோளைப் பாத்தார், கையைப் பாத்தார். "அளவு வேறயா இருக்கே? பேரும் வேறயா இருக்கே?"

"கோட்டு வேணும்னுதான் தண்டோரா. அளவையும் பேரையும் யாரும் சொல்லலையே," அப்படின்னார் குட். அவர் ஒரு வார்த்தை சொன்னா ஊர்ல மறுபேச்சு இல்லை. குமாஸ்தா எழுதிக்கிட்டுப் போயிட்டார்.

கோ குட்டுக்குப் பக்கத்துல, வாழ்க்கையில முதல் தடவையா, சம்மணம் போட்டு உக்காந்தான். செருப்பைக் கையில எடுத்தான். "அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"கோ!"ன்னு தெருக்கோடியில ஒரு குரல். எழுந்து போயிட்டான்.

அன்னையில இருந்துதான் குட் அண்ணனைக் கூப்பிட்டா ஜாடையே இல்லாத பெட்டரும் பெஸ்ட்டும் கூட வர்றாங்க. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க கோவுக்கு ஒரு எட் தச்சுப் போட்டுப் பாக்கும், நிக்காது. நேத்துன்னு வந்துட்டா அவன் பெரியவர் கோட்டைத்தான் மாட்டிக்கிறான்.