காதை இழுத்த குட்டி

மலையடிக் காட்டில் சடைச்சி என்றொரு கரடி இருந்தது. அதற்கு ஒரே குட்டி, பெயர் உருண்டை. அம்மாவின் முதுகில்தான் அதற்கு எப்போதும் சவாரி.

கறையான் புற்றில் மூக்கை விட்டுக் கரடி உறிஞ்ச ஆரம்பித்தால் புஸ் புஸ்ஸென்று ஒரே சத்தம்தான். பக்கத்தில் இடி விழுந்தாலும் அதன் காதில் ஏறாது. உருண்டைக்கோ இன்னும் பேச்சு வரவில்லை. அதனால் சடைச்சி குட்டிக்குச் சைகை பழக்கியிருந்தது. காதை இழுத்தால் பசி. முதுகில் தட்டினால் தாகம். பிடரி மயிரைப் பிடித்து உலுக்கினால் பயம்!

ஒரு நாள் குளத்தங்கரையில் உருண்டை காதை இழுத்தது. சடைச்சி உடனே உட்கார்ந்து பால் கொடுத்தது. கிளையிலிருந்த கீச்சாயி மைனா அதைப் பார்த்துவிட்டது.

"என்னக்கா கூத்து இது! பிள்ளை காதைப் புடிச்சு இழுக்குது, நீயும் குடுக்குறே?"

"பசிச்சா அப்படித்தான் கேப்பான், கீச்சாயி."

"அப்போ வாய் எதுக்கு? என் பிள்ளைங்க முட்டையை விட்டு வந்ததுமே கத்த ஆரம்பிச்சிருச்சுங்க! நீ இப்படியே பழக்கு, அவன் ஊமையாத்தான் திரிவான்!"

தண்ணீர் குடிக்க வந்த மான்கள் சிரித்தன. சேற்றில் கிடந்த பன்றிகூடச் சிரித்தது! சடைச்சிக்குக் கூசிப்போயிற்று. தலையைத் தூக்காமலே வீடு திரும்பியது.

வழியில் உருண்டை மறுபடி காதை இழுத்தது.

"கையை எடுடா! வாயைத் திறந்து கேளு!" என்று பட்டென்று ஒரு அடி.

"ம்... ம்..." என்றது குட்டி. அதற்கு மேல் வரவில்லை. பசி தாங்காமல் திரும்பவும் இழுத்தது. திரும்பவும் அடி விழுந்தது. அதன்பின் உருண்டை இழுக்கவுமில்லை, தட்டவுமில்லை. முதுகில் மூட்டைபோலக் கிடந்தது.

"பாத்தியா, எப்படி அடங்கிட்டான்!" என்றது கீச்சாயி. சடைச்சிக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு மாலை சடைச்சி புற்றில் மூக்கை விட்டிருந்தது. பாறைக்குப் பின்னாலிருந்து சிறுத்தை ஒன்று பதுங்கி வந்தது. உருண்டை பார்த்துவிட்டது! கை பிடரிக்குப் போனது. அடி ஞாபகம் வந்தது. கையை இழுத்துக்கொண்டது. அம்மா சொன்னபடி வாயைத் திறந்தது.

"ம்! ம்! ம்!"

புஸ் புஸ்ஸில் அது எங்கே கேட்கும்?

சிறுத்தை பாய்ந்தது. முதுகுச் சுமை சட்டென்று இல்லாமல் போனபிறகுதான் சடைச்சி திரும்பியது. உறுமிக்கொண்டு விழுந்து பிராண்டியதில், சிறுத்தை குட்டியைப் போட்டுவிட்டு ஓடியது. உயிர் இருந்தது. ஆனால் தோளெல்லாம் ரத்தம்.

"ஏண்டா, பிடரியை உலுக்கியிருக்கலாமே!" என்று அலறியது சடைச்சி.

உருண்டை இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது.

கீச்சாயி பறந்து வந்து, "ஐயோ, பேச்சு வந்திருந்தா கத்தியிருப்பானே!" என்றது.

"கத்தத்தான் செஞ்சிருப்பான், கீச்சாயி. என் காதுல விழலை. எனக்குத் தெரியுற மாதிரி சொல்லத் தெரிஞ்ச கையை நானே அடிச்சு முடக்கிட்டேன்."

சடைச்சி காயத்தை நக்கிவிட்டது. பிறகு குட்டியின் கையை எடுத்துத் தன் காதில் வைத்தது.

"இழுடா, ராசா."

உருண்டை உடனே இழுக்கவில்லை. முதலில் கிளையிலிருந்த மைனாவை நிமிர்ந்து பார்த்தது. அந்தப் பார்வையில் சடைச்சி குன்றிப்போயிற்று. அப்புறம்தான் மெல்ல, மிக மெல்ல, காதை இழுத்தது.

ஊர் சிரிக்கிறதே என்று பிள்ளையின் சைகையை அடக்கினால், அது ஆபத்தில் கூப்பிடும்போது நமக்குக் கேட்காமலே போய்விடும்.