இருமினால் நகரும் புலி

முன்னொரு காலத்தில் குரவனூர் நாட்டை மாறவேலன் என்ற ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் மூக்குக்கு மேல் கோபம். ஆடுபுலி ஆட்டத்தில் தன்னை வெல்ல ஆளே இல்லை என்ற பெருமை வேறு.

ஒருநாள் அவருக்குப் பழைய சிநேகிதன் ஞாபகம் வந்தது. பகைவருக்குப் பயந்து ஆற்றங்கரையில் ஒளிந்து வளர்ந்த காலத்தில் தன்னோடு விளையாடிய ஓடக்காரன் மகன் கூத்தையன். பிரிந்து இருபத்தைந்து வருஷம். "எங்கிருந்தாலும் வரச் சொல்லுங்கள்" என்று தண்டோரா போட்டார்.

கேட்டதும் கூத்தையன் ஓடத்தைக் கட்டிப்போட்டுவிட்டு, பனங்கிழங்கு மூட்டையோடு ஓடி வந்தான். வந்து பார்த்தால், சபையில் பட்டு உடுத்திய இன்னொரு கூத்தையன் நிற்கிறான்! அவன் அரண்மனை அதிகாரி சேந்தனாரின் மைத்துனன். ராஜா பக்கத்தில் தன் ஆள் உட்கார வேண்டும் என்று சேந்தனாருக்கு ஆசை.

ராஜா இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. "பொய் சொன்னவனுக்கு நூறு கசையடி!" என்று கத்தினார். கூத்தையனுக்குக் கசையடி பெரிதாகத் தெரியவில்லை. வேலனுக்குத் தன்னைத் தெரியவில்லையே என்பதுதான் நெஞ்சை அறுத்தது.

மந்திரி வெண்காடர் எழுந்தார். "பிரபு, இருவரோடும் ஆளுக்கு ஓர் ஆட்டம் ஆடுங்கள். புலி உங்களுக்கு, ஆடு அவர்களுக்கு."

மைத்துனன் கும்பிட்டுக் கும்பிட்டு ஆடுகளைப் பறிகொடுத்தான். "தங்கள் புலிக்கு முன் நான் எம்மாத்திரம்!" என்றான். ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது.

அடுத்துக் கூத்தையன். காய்களைத் தொட்டதும் அவனுக்குச் சபையே மறந்துபோயிற்று. இரண்டு புலிகளை அடைத்துவிட்டான். ராஜா நீளமாக ஓர் இருமல் இருமினார். இருமி முடிவதற்குள் அடைபட்ட புலி ஒன்று வெளியே வந்து உட்கார்ந்திருந்தது.

கூத்தையன் ராஜாவின் புறங்கையில் பளீரென்று ஒன்று வைத்தான்.

"ஏலே வேலா! இருமிக்கிட்டே புலிய நகத்துற புத்தி இன்னும் போகலையா? வைடா பழைய இடத்துல!"

"ராஜாவையே அடித்துவிட்டான்! வாங்குங்கள் தலையை!" என்று அலறினார் சேந்தனார். வாட்கள் உருவப்பட்டன.

ராஜா கையைத் தடவிக்கொண்டார். கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது. "கூத்தையா! அதே அடிடா!" என்று கட்டிக்கொண்டார். பிறகு சபையைப் பார்த்து, "இந்த இருமலை இத்தனை வருஷமாக ஒருவருமா கவனிக்கவில்லை?" என்றார்.

"எல்லோரும் கவனித்தோம் பிரபு. அரண்மனை வைத்தியர் கஷாயம்கூடக் கொடுத்தார்" என்றார் வெண்காடர். "கவனிக்க நாங்கள் போதும். கையில் அடிக்கத்தான் சிநேகிதன் வேண்டும்."

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். மைத்துனன் அதற்குள் காலில் விழுந்து, எல்லாவற்றையும் உளறிக் கொட்டிவிட்டான்.

"சேந்தனாரே, இனி தினமும் நீர்தான் என்னோடு ஆட வேண்டும். நான் இருமினால் கையில் அடிக்க வேண்டும். அடிக்கவில்லையென்றால் அந்த நூறு கசையடி உமக்கு!"

சேந்தனாருக்கு நின்ற இடத்திலேயே வியர்த்துக் கொட்டியது.

"கூத்தையா, உனக்கு என்ன வேண்டும், கேள்!"

"முதல்ல புலிய வைடா."

வைத்தார். சற்று நேரத்தில் மூன்று புலிகளும் அடைபட்டன. தோற்றதற்காக ஊருக்கெல்லாம் விருந்து போட்ட ராஜா, அந்த நாட்டில் அவர் ஒருவர்தான்.