ரிவர்ஸில் பாடிய பிள்ளையார்

"கால்ல விழுந்து மன்னிப்புக் கேளுல! இல்லன்னா உன் லைசென்ஸ் போயிரும்!" என்று கத்தினார் மில் முதலாளி தர்மராஜ். நின்றுகொண்டிருந்த தன் காரில் ஆட்டோ வந்து இடித்ததாம். கார்தான் பின்னோக்கி வந்து இடித்தது என்றான் ஆட்டோக்காரன் சொள்ளமுத்து. முதலாளி சொன்னால் ஊர் அதைத்தானே நம்பும்? விசாரிக்க வந்த ஏட்டு ஆட்டோ சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

சொள்ளமுத்து குனிந்தான். முதலாளியின் மனைவி உட்கார்ந்திருந்த காருக்குள் எட்டிப் பார்த்தான்.

"விழுதேன் அண்ணாச்சி. உள்ள அக்காவுக்கு வேர்த்துக் கொட்டுது, முதல்ல கண்ணாடிய இறக்கி விடுங்க."

முதலாளி கதவைத் திறந்து, வெளியே நின்றபடியே சாவியைத் திருப்பினார். ரிவர்ஸ் கியர் போட்டால் மட்டும் பாடுகிற பிள்ளையார் பாட்டு தெரு முழுக்கக் கேட்டது.

"நின்ன வண்டிக்கு ரிவர்ஸ் கியர் எதுக்கு அண்ணாச்சி?"

ஏட்டு ஆட்டோ சாவியை நீட்டினார். சொள்ளமுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினான். காலில் மட்டும் விழவில்லை.