கரடியின் அக்குளில் விழுந்த முடிச்சு

தாமரைக் குளத்துக்கு மேற்கே உள்ள காட்டில் சடையன் என்றொரு கரடி இருந்தது. ஒருநாள் அது தேனடையில் கை வைத்தது. தேனீக்கள் சூழ்ந்துகொண்டன. கரடி மரத்திலிருந்து குதித்தது. விழுந்த இடம் இலந்தைப் புதர்! முன்னங்காலில் முள் ஒன்று ஆழமாகத் தைத்தது. தேன் கிடைக்காத கோபத்தில் கரடி அதைக் கவனிக்கவே இல்லை.

சில நாளில் பாதம் பழுத்தது. காய்ச்சல் வந்தது. அக்குளில் நெல்லிக்காய் அளவுக்கு நெறி கட்டியது.

"ஐயோ! என் உடம்பிலே காய் காய்க்குதே! நான் என்ன மரமா?" என்று கரடி அலறியது.

அலறலைக் கேட்டு மருந்தப்பன் என்ற குரங்கு ஓடிவந்தது. முன்பொருமுறை முயலுக்கு விக்கல் தானாக நின்றபோது, மருந்தப்பன் பக்கத்தில் நின்றிருந்தது. அன்றிலிருந்து அது வைத்தியர்.

"கையைத் தூக்கு! அடடா, முடிச்சு! உள்ளே நார் நாராக என்னவோ ஓடிச் சிக்கிக் கிடக்கு. அவிழ்த்துவிட்டால் சரியாயிடும்!"

"வலிக்குமா, வைத்தியரே?"

"எனக்கு வலிக்காது!"

குரங்கு அந்தக் கட்டியைப் பிடித்து அழுத்தியது, உருட்டியது, பிசைந்தது. கரடி போட்ட சத்தத்தில் குளக்கரைத் தவளைகள் எல்லாம் தண்ணீருக்குள் குதித்தன. நெல்லிக்காய் இப்போது எலுமிச்சம்பழம் ஆகிவிட்டது.

"பிடிவாதமான முடிச்சு! அறுத்தே எடுக்கணும்!" என்று குரங்கு கூரான மூங்கில் சிம்பு ஒன்றை எடுத்து வந்தது. கரடி கண்ணை இறுக மூடிக்கொண்டது.

அதே அக்குளில் கடுகன் என்ற உண்ணி குடியிருந்தது. சிம்பு நெருங்குவதைப் பார்த்ததும் அது பதறிப்போய்க் குரங்கின் கட்டைவிரலை நறுக்கென்று கடித்தது.

"பாம்பு! முடிச்சுக்குள்ளே பாம்பு இருக்கு!" என்று கத்திக்கொண்டே குரங்கு மரத்துக்கு மரம் தாவி மறைந்தது.

கரடி கண்ணைத் திறந்தது. அக்குளைத் துழாவி உண்ணியை நகங்களுக்கு நடுவே பிடித்தது.

"டேய்! வந்த வைத்தியரை விரட்டிட்டியே!"

"நசுக்காதீங்க அண்ணே! நான் நல்லவன்னு சொல்ல வரலை. உங்க ரத்தம்தான் எனக்குச் சோறு. நீங்க செத்தால் நான் பட்டினி. அதனால்தான் கடிச்சேன்!"

இவ்வளவு உண்மையான காரணத்தைக் கரடி யாரிடமும் கேட்டதில்லை. பிடி தளர்ந்தது.

"அப்போ இந்த முடிச்சு?"

"முடிச்சே இல்லை அண்ணே! அது உங்க உடம்பைக் காக்கிற காவல்காரர்கள் ஊர். இவ்வளவு நாளும் என் வாய் உங்க தோலுக்குள்ளேதான் புதைஞ்சு கிடந்துச்சு. உள்ளே நடப்பதெல்லாம் எனக்குத் தெரியும். அந்த நார்கள் புரதத்தால் பின்னிய வழிகள். காலில் கிருமி புகுந்தால் தூதர்கள் சேதியோடு அந்த ஊருக்கு வருவாங்க. காவல்காரர்கள் நாரைப் பிடித்துப் பிடித்து ஓடி அவங்களைச் சந்திப்பாங்க. ஒருவகை நார் காவல்காரர்களிடம் 'பொறு' என்னும். இன்னொரு வகை 'கிளம்பு' என்னும். அந்த நார்களை அறுத்தால் ஆட்கள் இருப்பாங்க, வழி இருக்காது!"

"பிறகு ஏன் வீங்குது?"

"கூட்டம் கூடியிருக்கு! நார்கள் தளர்ந்து இடம் கொடுக்குது. அவங்க யாரோடு சண்டைக்குக் கிளம்புறாங்கன்னு ஒருதடவையாவது பார்த்தீங்களா?"

கரடி அப்போதுதான் தன் பாதத்தைத் திருப்பிப் பார்த்தது.

"அட, முள்! இது எப்போ வந்துச்சு?"

பல்லால் கவ்வி இழுத்தது. முள்ளும் வந்தது, சீழும் வந்தது. காடே அதிர ஒருமுறை கத்திவிட்டு, குளத்தில் இறங்கிக் காலைக் கழுவியது.

மெல்ல மெல்லக் காய்ச்சல் இறங்கியது. பாதம் ஆறியது. யாரும் அவிழ்க்காமலே அக்குள் வீக்கமும் வடிந்தது.

அதற்குப் பிறகு கரடி தினமும் காலையில் அக்குளைத் தடவிக் கேட்கும்: "உள்ளே எல்லாரும் சௌக்கியமா?"

"தூங்குறாங்க அண்ணே! சத்தம் போடாதீங்க!" என்று சொல்லிவிட்டு, கடுகன் சத்தமில்லாமல் ஒரு மிடறு கூடுதலாகக் குடித்துக்கொள்ளும்.

நமக்குச் சிக்கலாகத் தெரிவது வேறொருவருக்கு வழியாக இருக்கலாம். ஆகையால் எதையும் அறுக்கும் முன் அது எதற்காக இருக்கிறது என்று கேட்டறிய வேண்டும்.