குறுக்கே நின்ற வைப்பர்

குற்றாலத்துச் சாரல் மடத்து வாசல் வரைக்கும் வந்து அடித்துக்கொண்டிருந்தது. மறுநாள் சங்கரநயினாருக்குக் காவி கொடுப்பதாக இருந்தது. மடத்துக்கு வரும்வரை வாடகைக் கார் ஓட்டிய மனுசன். காவித் துணியை மடித்துத் தலைமாட்டில் வைத்தும் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் நேரே சாமியாரிடம் போய் நின்றார்.

"சாமி, எல்லாத்தையும் விட்டுட்டேன். ஆனா கண்ண மூடினா கோமு முகம் குறுக்க வந்து நிக்குது. ஏன்?"

"கோமு யாரு?"

"வீட்டுக்காரி. ஒருநாள் சண்டை. சோத்துல வச்ச கையோட எந்திரிச்சு வந்துட்டேன். ஏதோ கேட்டா. நான் திரும்பிக்கூடப் பாக்கல."

சாமியார் வாசலில் நின்ற மடத்துக் காரைப் பார்த்தார்.

"வைப்பர் ஓடலையே நயினாரு. அதப் பாரு முதல்ல."

கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. நயினார் தலையைச் சொறிந்துகொண்டே போனார்.

வயரில் பல்பு வைத்துக் கரண்ட் வருகிறதா என்று பார்த்தார். மோட்டார் வரைக்கும் கரண்ட் வந்தது. மோட்டாரைப் பிரித்தார், உள்ளே கரண்டைக் கடத்தும் கார்பன் துண்டு தேய்ந்து கிடந்தது. தென்காசிக்குப் போய்ப் புதுசு வாங்கி வந்து மாட்டினார். வைப்பர் சரசரவென்று ஓடியது.

"ஓடுது சாமி!"

சாமியார் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"நிறுத்து."

நயினார் சன்னல் வழியாகக் கையை விட்டுச் சுவிட்சை அணைத்தார். வைப்பர் கண்ணாடியின் நட்டநடுவே நின்றது.

"என் மூஞ்சிக்கு நேரா நிக்குதே?"

"அதுக்கென்ன சாமி, கையால தள்ளி விட்டுக்கலாம்."

"ஒவ்வொரு தடவையும் இறங்கியா?"

நயினார் வைப்பரைத் தள்ளப்போன கையை இழுத்துக்கொண்டார்.

"எதையாவது கழட்டினியா?"

"ஒரு வயர் மட்டும். சுவிட்ச அணைச்ச பிறகும் அதுல கரண்ட் இருந்துச்சு. இது என்ன கோளாறோன்னு டேப்பச் சுத்தி ஒதுக்கிட்டேன்."

"அத மாட்டு."

"நிறுத்தின பிறகு கரண்ட் எதுக்கு சாமி?"

"மாட்டித்தான் பாரேன்."

மாட்டினார். வைப்பர் ஓடியது. பாதியில் இருக்கும்போதே அணைத்தார். அது நிற்கவில்லை. மிச்சத் தூரத்தையும் துடைத்துக்கொண்டு போய், கண்ணாடிக்கு அடியில் படுத்துக்கொண்டது.

நயினாருக்கு ஒன்றும் புரியவில்லை. மறுபடி போட்டார், அணைத்தார். மறுபடியும் போய்ப் படுத்தது. கண்ணாடி பளிச்சென்று இருந்தது.

"நிறுத்தின பிறகும் ஓடுதே சாமி?"

சாமியார் இறங்கி வந்தார்.

"அன்னிக்கு ஏதோ கேட்டான்னியே கோமு. என்ன கேட்டா?"

நயினார் கையிலிருந்த கரியைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எங்க போறீகன்னு கேட்டா, சாமி."

சாமியார் கார்ச் சாவியை நீட்டினார்.

"போய்ப் பதில் சொல்லிட்டு வா. காவி இங்கதான் இருக்கும். பாத்து ஓட்டு, வழியெல்லாம் சாரல்."