ரிஸ்வானாவின் கிண்ணம்

கொடைக்கானலில் ஏரியைத் தாண்டி மேலே ஏறும் சாலையில் செலின் டீச்சர் குழந்தைகளுக்குச் சாக்லேட் செய்யக் கற்றுக்கொடுக்கிறார். இரண்டு மணி நேர வகுப்பு. படகு விட்டு, குதிரை ஏறி, சுட்ட சோளம் தின்று, இனி என்ன செய்வது என்று தெரியாமல் போன குடும்பங்கள் கடைசியில் அங்கே வந்து சேரும்.

அங்கே ஒரு கட்டாயம் உண்டு. பிள்ளைகளோடு உள்ளே வருகிற பெரியவர்களும் ஏப்ரன் கட்டிக்கொண்டு மாணவராகத்தான் நிற்க வேண்டும். ஓரமாய் நின்று போட்டோ எடுக்கிற வேலை கிடையாது. டீச்சருக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். ஆனாலும் அறுபது வயதுக்காரர்கள்கூட வாயைத் திறக்காமல் ஏப்ரன் கட்டியிருக்கிறார்கள்.

மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை அங்கே சிக்கந்தர் வந்தார். பரமக்குடிப் பக்கத்துக்காரர். மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவு கிடைக்கும். அந்த லீவில் இன்னும் மூன்று நாள்தான் பாக்கி. மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுத்துக் களைத்துப்போன மனைவி லாட்ஜில் படுத்துவிட்டார். ஒன்பது வயது ரிஸ்வானாவையும் நாலு வயது அஸ்லமையும் இவர் கூட்டி வந்தார்.

ஆளுக்கொரு எவர்சில்வர் கிண்ணம் தரப்பட்டது. நறுக்கிய சாக்லேட்டை அதில் போட்டு, கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து, ஆவியில் உருக்க வேண்டும். கிண்ணம் கைக்கு வந்ததும் ரிஸ்வானா நேராகக் குழாயடிக்குப் போய், அதை ஒரு அலசு அலசி, இரண்டு உதறு உதறிவிட்டு வந்தாள். அவர்கள் ஊர்ப் புழுதிக்கு அப்படித்தான் செய்தாக வேண்டும். காலையில் கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தையும் அலசாமல் அவள் அம்மா எதையும் ஊற்றமாட்டார். பிள்ளையைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் சாக்லேட்டுக்குத் தண்ணீர் ஆகாது. ஒட்டியிருந்த நாலு சொட்டே போதுமானதாக இருந்தது. எல்லாருடைய கிண்ணத்திலும் சாக்லேட் பளபளவென்று இளகி ஓட, அவளுடையது மட்டும் கட்டி தட்டி, திப்பி திப்பியாகக் கேப்பைக்களி மாதிரி நின்றது.

அவள் அதைப் பார்ப்பதற்குள் தம்பி பாத்ரூம் போக வேண்டும் என்றான். அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். சிக்கந்தர் எட்டிப் பார்த்தார். சுற்றும் முற்றும் ஒரு பார்வை. மகளின் கிண்ணத்தை எடுத்துத் தன் அடுப்பில் வைத்தார். நன்றாக உருகியிருந்த தன் கிண்ணத்தை அவள் இடத்தில் வைத்தார்.

திரும்பி வந்தவள் கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு அத்தாவைப் பார்த்தாள். சூப்பராக வந்திருக்கிறது என்று அவர் சொன்னார். அவள் தலையாட்டினாள். அதற்குப் பிறகு அவள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. தம்பி தண்ணீர் கேட்டான், போகவில்லை. அச்சில் ஊற்ற வரச் சொல்லி டீச்சர் கூப்பிட்டபோதும், இடது கையால் கிண்ணத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். பிடித்துக்கொண்டே கொண்டுபோய் ஊற்றினாள்.

அச்சுகளை ஃபிரிட்ஜில் வைத்தார்கள். இறுகும்வரை பிள்ளைகள் சன்னல் பக்கம் போய் மேகம் பார்த்தார்கள். டீச்சர் அந்தக் கட்டி தட்டிய கிண்ணத்தோடு சிக்கந்தரிடம் வந்தார்.

"எதுக்கு மாத்துனீங்க பாய்?"

சிக்கந்தர் சிரித்து மழுப்பப் பார்த்தார். முடியவில்லை.

"புள்ள அழுதுரும் டீச்சர்."

டீச்சர் ரிஸ்வானாவைக் கூப்பிட்டார். கிண்ணத்தை அவள் முன்னால் வைத்தார்.

"இதுதான் உன்னோடது."

ரிஸ்வானா அதைப் பார்த்தாள். உதடு கோணியது. சத்தம் வராமல் அழுதாள். அப்படி அழுதே பழகியவர்கள் அழுகிற மாதிரி இருந்தது. சிக்கந்தருக்குக் கோபம் வந்துவிட்டது. ஊரிலிருந்து இவ்வளவு தூரம் வந்தது பிள்ளையை அழவைக்கவா என்று கேட்டார். டீச்சர் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. குனிந்து ரிஸ்வானாவின் முகத்துக்கு நேராக நின்றார்.

கொஞ்ச நேரத்தில் அழுகை தானாகவே தேய்ந்தது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, என்ன தப்புச் செய்தேன் என்று கேட்டாள். அலசினாய் அல்லவா, அந்த ஈரம் என்றார் டீச்சர். கிண்ணத்தைத் துடைத்துத்தான் கொடுத்தேன், ஆனால் அலசக் கூடாது என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், அது என் தப்பு என்றும் சொன்னார். இனி இது ஒன்றுக்கும் ஆகாதா என்று அவள் கேட்டாள். அச்சுக்கு ஆகாது, பாலுக்கு ஆகும் என்றார். சூடான பாலைக் கொண்டுவந்து, ஊற்றச் சொன்னார், கிண்டச் சொன்னார். அவளே ஊற்றினாள், அவளே கிண்டினாள். கட்டிகள் ஒவ்வொன்றாகக் கரைந்தன.

இரண்டு டம்ளர் வந்தது. ஒன்றைத் தம்பிக்குக் கொடுத்தாள். மற்றதைக் குடித்துக்கொண்டே சன்னலுக்குத் திரும்பிப் போனாள். கிண்ணத்தை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

சிக்கந்தருக்குக் கோபம் போய்விட்டது. ஆனால் முகம் தெளியவில்லை. ஏப்ரன் நாடாவை அவிழ்க்கப் போனவர் பாதியில் நிறுத்தினார்.

"டீச்சர், உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

வியாழக்கிழமை விடியற்காலை அவர் மஸ்கட்டுக்குக் கிளம்புகிறார். மகளுக்குத் தெரியாது. எப்போதுமே அப்படித்தான், அவள் தூங்கும்போதே போய்விடுவார். வளைகுடா போகிறவர் வீடுகளில் பாதிப் பேர் அப்படித்தான் என்றார். பிள்ளை விழித்திருந்தால் காலைக் கட்டிக்கொள்ளும். அதைப் பிரித்து எடுத்துவிட்டு வண்டியில் ஏற எந்தத் தகப்பனால் முடியும்?

போன தடவை எழுந்ததும் பாத்ரூமில் தேடியிருக்கிறாள், மாடியில் தேடியிருக்கிறாள். பிறகு கொடியில் கிடந்த அவருடைய கைலியை எடுத்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு, நாலு நாள் துவைக்க விடவில்லையாம். அதற்கப்புறம் சரியாகிவிட்டது என்று மனைவி போனில் சொன்னார். இந்த லீவு முழுக்க அவருடைய சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள். அவர் புரண்டு படுத்தால்கூட முழித்துவிடுகிறாள். கேட்கிற யாருக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும்.

"சொல்லாமப் போறதுதானே டீச்சர் நல்லது? சின்னப் புள்ள. தெரியாம இருக்குறவரைக்கும் சிரிச்சுக்கிட்டு இருக்கும்ல?"

டீச்சர் காலியான கிண்ணத்தை எடுத்துத் துணியால் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

"வியாழக்கிழமைன்னு அவளுக்கு யாரும் சொல்லலையா?"

"யாரும் சொல்லல. பெட்டிகூட அவ விளையாடப் போனப்பவே கட்டி, பக்கத்து வீட்டுல வச்சாச்சு. நம்ம வீட்டுல பயணச் சாமான் ஒண்ணும் கிடையாது."

டீச்சர் சன்னல் பக்கம் பார்த்தார். ரிஸ்வானா தம்பியின் வாயை ஏப்ரன் நுனியால் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்லி அவனைச் சிரிக்கவைத்தாள். அவளும் சிரித்தாள்.

"உருக்கும்போது என்கிட்ட ஒண்ணு கேட்டா பாய்," என்றார் டீச்சர். "இந்தச் சாக்லேட் ரெண்டு வருஷம் கெடாம இருக்குமான்னு."

சிக்கந்தர் நிமிர்ந்தார்.

"இருக்காதும்மான்னு சொன்னேன். அத்தா திரும்பி வர்றவரைக்கும் வச்சிருக்கணுமாம். அப்ப உங்க அத்தாகிட்டயே கேட்டு, கெடாத வேற ஏதாவது செய்யலாமான்னேன்."

"என்ன சொன்னுச்சு?"

"வேணாம் டீச்சர், அவங்க போறது எனக்குத் தெரியும்னு அத்தாவுக்குத் தெரிய வேணாம், அழுதுருவாங்கன்னா."