டூர் ரசீது

எட்டாம் வகுப்பில் ஜெசிந்தா டீச்சர் ஒரு பேங்க் நடத்தினார். ரூபாயெல்லாம் காகிதத்தில் வெட்டியது, மேனேஜர் கடைசி பெஞ்ச் செண்பகவல்லி. ஒருநாள் பள்ளியை நடத்தும் கரஸ்பாண்டன்ட் தர்மராஜன் உள்ளே வந்தார். ஒரு சாக்பீஸ் டப்பா வாங்கவே மூன்று கையெழுத்து கேட்கிற ஆள்.

"விளையாடுறதெல்லாம் பாடமா? இந்த பீரியட் முடியிறதுக்குள்ள இதுல ஒரு நிஜ ரூபாயாவது வரும்னு காட்டுங்க. இல்லன்னா நாளையிலேருந்து இது கிடையாது."

செண்பகவல்லி எழுந்தாள். "சார், எங்க பேங்க்ல பணம் போடுங்க. நூறு ரூபாய்க்கு மாசம் ஒரு ரூபாய் வட்டி."

"வட்டி எதுக்குத் தரணும்?" என்று மடக்கினார்.

"உங்க பணத்தை நாங்க வெச்சிருக்கோமே சார்."

"கரெக்ட். அடுத்தவன் பணத்தை வட்டியில்லாம வெச்சிருக்கிறவன் திருடன். எல்லாரும் நோட்டுல எழுதிக்கோங்க."

நாற்பது பேரும் எழுதிக்கொண்டார்கள்.

செண்பகவல்லி ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து ஒரு ரசீதை எடுத்தாள். "ஜூன்ல டூருக்குன்னு ஆளுக்கு ஐநூறு வாங்கினீங்க சார். இது மார்ச். டூரும் போகல, பணமும் திரும்பி வரல. ஒன்பது மாச வட்டி, ஆளுக்கு நாற்பத்தஞ்சு நிஜ ரூபாய். நோட்டுல எழுதினதை வாசிக்கட்டுமா சார்?"

அந்தச் சனிக்கிழமையே டூர் பஸ் வந்தது. வட்டிக்குப் பதிலாக வழியில் எல்லோருக்கும் பரோட்டா.

பேங்க் இன்னும் நடக்கிறது. கரஸ்பாண்டன்ட்தான் எட்டாம் வகுப்பு ஜன்னலைத் தாண்டும்போது மட்டும் குனிந்து நடக்கிறார்.